பேட்டரி கிரிப்: கேமராவுக்குப் பலமா, பாரமா?



தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூரிலிருந்து பத்துமலைக்குப் புறப்படும் வெள்ளி ரதத்தைப் பார்க்கப் போயிருப்பீர்கள். அல்லது உங்கள் பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளன்று திடலோரம் நின்றிருப்பீர்கள். அங்கே படமெடுப்பவர்களின் கைகளில் இருந்த கேமராக்களைக் கவனித்தீர்களா? சில கேமராக்கள் வழக்கம்போல் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். வேறு சில கேமராக்களின் அடியில் இன்னும் ஓர் அடுக்கை ஒட்டிவைத்தாற்போல் இருக்கும். அவை உயரமாக, கிட்டத்தட்டச் சதுரமாகத் தெரியும். அந்த அடுக்கில் படமெடுக்கும் பொத்தான் இன்னொன்றும் இருக்கும்.

அந்தக் கீழ் அடுக்குக்குப் பெயர் ‘பேட்டரி கிரிப்’. அதைப் பார்த்தவுடன் புகைப்படக் கழக மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சார், இதைப் போட்டால் படம் இன்னும் நன்றாக வருமா?”

வராது. லென்ஸ் மாறவில்லை; ஒளியைப் பதிவு செய்யும் உணரியும் மாறவில்லை. பிறகு எதற்காகச் சிலர் சில நூறு ரிங்கிட் கொடுத்து இதை வாங்கி, நாள் முழுவதும் சுமந்து திரிகிறார்கள்? அறிவியல் பாடத்தில் நீங்கள் படித்த மின்சுற்றும், விசையும், சக்தியும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். உங்கள் கழகச் சேமிப்பிலிருந்து பணத்தை எடுக்கும் முன் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஓர் உண்மையான கேமராவை எடுத்துக்கொள்வோம். 2016-இல் வெளிவந்த கேனன் 80டி, பள்ளிக் கழகங்களில் பயன்படுத்தத் தக்க நடுத்தர ரகக் கேமரா. அதற்கான பேட்டரி கிரிப்பின் பெயர் பிஜி-இ14.

இதைப் பொருத்தும் முறையே சுவையானது. முதலில் கேமராவை அணைக்க வேண்டும். பிறகு பேட்டரியை வெளியே எடுத்து, பேட்டரி அறையின் சிறு கதவையும் கழற்ற வேண்டும். கிரிப்பின் மேற்புறத்தில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் காலியான பேட்டரி அறைக்குள் நுழைத்து, பக்கத்திலுள்ள சக்கரத்தைத் திருகினால், முக்காலி மாட்டும் திருகுத் துளையில் கிரிப் இறுகிக்கொள்ளும். இப்போது பேட்டரி இருந்த இடத்தில் அந்தத் தண்டு இருக்கிறது. கிரிப்புக்குள் வைக்கும் இரண்டு பேட்டரிகளின் மின்னோட்டம் அந்தத் தண்டின் வழியாகவே கேமராவுக்குள் போகிறது.

எல்லா கேமராக்களும் இப்படியல்ல. நிக்கானின் பல மாதிரிகளில் ஒரு பேட்டரி கேமராவுக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது மட்டும் கிரிப்பில் இருக்கும். இரண்டுக்கும் இடையே கேமராவின் அடிப்பகுதியில் உள்ள உலோகத் தொடுமுனைகள் இணைப்பைத் தருகின்றன. ஆகவே ஒரு கேமராவின் கிரிப் இன்னொரு கேமராவுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே நிறுவனத்தின் கேமராவாக இருந்தாலும் மாதிரி எண்ணைச் சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஒரு படத்துக்கு எவ்வளவு சக்தி?

80டி கேமராவின் பேட்டரியில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: 7.2 வோல்ட், 1865 மில்லி ஆம்பியர்-மணி. முதலாவது மின்னழுத்தம். இரண்டாவது, பேட்டரி எவ்வளவு மின்னூட்டம் கொடுக்கும் என்பதைக் காட்டும் கொள்ளளவு. இரண்டையும் பெருக்கினால் பேட்டரியில் உள்ள சக்தி கிடைக்கும்.

7.2 × 1.865 = ஏறக்குறைய 13.4 வாட்-மணி. ஒரு மணி நேரத்தில் 3600 விநாடிகள் இருப்பதால், 13.4-ஐ 3600-ஆல் பெருக்கினால் சுமார் 48,000 ஜூல்.

ஜப்பானில் கேமரா உற்பத்தியாளர்களுக்கென ஒரு சங்கம் இருக்கிறது. ஒரு பேட்டரியில் எத்தனை படம் எடுக்கலாம் என்பதைச் சோதிக்க அது ஒரு பொது முறையை வகுத்திருக்கிறது. அந்த முறைப்படி, கண்ணை வைத்துப் பார்க்கும் துளை வழியாக எடுத்தால், 80டி ஒரு பேட்டரியில் ஏறக்குறைய 960 படங்கள் எடுக்கும். பின்திரையைப் பார்த்தே எடுத்தால் ஏறக்குறைய 300 படங்கள்தான்.

இப்போது வகுத்துப் பாருங்கள். துளை வழியாக எடுத்தால் ஒரு படத்துக்கு 50 ஜூல். திரையைப் பார்த்து எடுத்தால் 160 ஜூல். 50 ஜூல் என்பது ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை 5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கத் தேவையான சக்தி. ஒரே ஒரு ‘கிளிக்’ சத்தத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது!

இந்தக் கணக்கிலிருந்து ஓர் உண்மை புரிகிறதா? பின்திரையில் பார்த்துப் படமெடுப்பவர் மூன்று மடங்கு சக்தியைச் செலவழிக்கிறார். அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் ஒரு பேட்டரியே மூன்று பேட்டரி அளவுக்கு உழைக்கும். இதற்கு ஒரு சென் செலவில்லை. எடுத்த ஒவ்வொரு படத்தையும் உடனே திரையில் பார்ப்பது, வைஃபையை எப்போதும் திறந்தே வைத்திருப்பது, தேவையில்லாமல் பிளாஷ் போடுவது ஆகியவையும் பேட்டரியைக் குடிக்கும் பழக்கங்கள்தாம். ஓட்டை வாளியை வைத்துக்கொண்டு இரண்டாவது குழாய் கேட்பதில் பயனில்லை. முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும்.

இரண்டு பேட்டரி, ஆனால் இரட்டை வேகம் இல்லை

“இரண்டு பேட்டரி இருப்பதால் கேமரா இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும்” என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது சரியா?

வீட்டுக் கூரையில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே உயரத்தில் பக்கத்தில் இன்னொரு தொட்டியை வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் அதிக நேரம் வரும். குழாயில் வேகம் கூடாது. ஏனென்றால் உயரம் மாறவில்லை. தொட்டியை இன்னும் உயரமான இடத்துக்கு ஏற்றினால்தான் வேகம் கூடும்.

மின்சுற்றிலும் இப்படித்தான். பேட்டரிகளை இணை முறையில் சேர்த்தால் மின்னழுத்தம் அதே அளவில் இருக்கும், கொள்ளளவு கூடும். தொடர் முறையில் சேர்த்தால் மின்னழுத்தம் கூடும். கிரிப்பில் இரண்டு பேட்டரிகள் இருந்தாலும் கேமராவுக்குக் கிடைப்பது 7.2 வோல்ட்தான். எனவே நேரம் இரண்டு மடங்காகும். வேகம் அப்படியே இருக்கும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முழுதாகச் சார்ஜ் செய்த பேட்டரியையும் தீர்ந்துபோன பேட்டரியையும் கம்பியால் நேரடியாக இணைத்தால், நிறைந்ததிலிருந்து காலியானதற்குள் மின்னோட்டம் பாயும். அது ஆபத்து. அதனால்தான் எதிலிருந்து எப்போது மின்சாரம் எடுப்பது என்பதை மின்னணுச் சுற்றே முடிவு செய்கிறது. சில கேமராக்கள் ஒன்றை முடித்துவிட்டு மற்றதற்குப் போகும். வேறு சில இரண்டையும் பகிர்ந்து பயன்படுத்தும்.

அப்படியானால் கிரிப் போட்டதும் வேகம் கூடும் கேமராவே இல்லையா? உண்டு. 2017-இல் வந்த நிக்கான் டி850 தனியாக விநாடிக்கு 7 படம் எடுக்கும். அதன் கிரிப்பில் இஎன்-இஎல்18பி என்ற பெரிய பேட்டரியைப் போட்டால் 9 படம் எடுக்கும். காரணம் என்ன? அந்தப் பேட்டரியின் மின்னழுத்தம் 10.8 வோல்ட். கேமராவின் வழக்கமான பேட்டரி 7 வோல்ட்தான். லித்தியம் அயன் மின்கலம் ஒன்று சுமார் 3.6 வோல்ட் தரும். சிறிய பேட்டரியில் இரண்டு மின்கலங்கள் தொடராக உள்ளன, பெரியதில் மூன்று. தொட்டி உயரமாகிவிட்டது, அவ்வளவுதான்! அதே கிரிப்பில் வழக்கமான பேட்டரியைப் போட்டால் அந்த வேகம் வராது. வேகத்தைத் தந்தது கிரிப் அல்ல, மின்னழுத்தம். அந்தப் பெரிய பேட்டரியையும் அதற்கான மூடியையும் சார்ஜரையும் தனித்தனியே வாங்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் கிடைக்கும் டபுள் ஏ பேட்டரி

80டியின் கிரிப்புடன் இன்னொரு தட்டும் வரும். அதில் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஆறு டபுள் ஏ மின்கலங்களை வைக்கலாம். சார்ஜ் செய்ய மின்சாரமே இல்லாத முகாமில் இது கைகொடுக்கும். ஆனால் எந்த மின்கலத்தைப் போடுவது?

சாதாரண அல்கலைன் மின்கலம் 1.5 வோல்ட். ஆறு சேர்ந்தால் 9 வோல்ட். மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மின்கலம் 1.2 வோல்ட். ஆறு சேர்ந்தால் 7.2 வோல்ட். அல்கலைன்தான் சிறந்தது என்று தோன்றுகிறதல்லவா? நடைமுறை வேறு.

ஒவ்வொரு மின்கலத்துக்குள்ளும் ஒரு தடை இருக்கிறது. அதை உள்தடை என்போம். அல்கலைன் மின்கலம் ஒன்றின் உள்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆறும் தொடராக இருப்பதால் மொத்தம் 1.2 ஓம். கேமரா ஒரு கணம் 2 ஆம்பியர் இழுத்தால், 2 × 1.2 = 2.4 வோல்ட் மின்கலங்களுக்குள்ளேயே இழக்கப்படுகிறது. 9 வோல்ட்டில் 6.6 தான் கேமராவுக்கு மிஞ்சும். மின்கலம் தீரத் தீர உள்தடையும் கூடும். கடைசியில் கேமரா “பேட்டரி காலி” என்று சொல்லிவிடும். அதே மின்கலங்களைக் கழற்றிக் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும்! கடிகாரம் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதே காரணம். நிக்கல் மின்கலத்தின் உள்தடை குறைவு என்பதால் கேமராவுக்கு அதுவே ஏற்றது.

எடையையும் பாருங்கள். 2000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஆறு நிக்கல் மின்கலங்களில் சுமார் 14 வாட்-மணி சக்தி இருக்கும். கேமராவின் ஒரு லித்தியம் பேட்டரியிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் அந்த ஆறின் எடை சுமார் 160 கிராம்; லித்தியம் பேட்டரியின் எடை சுமார் 80 கிராம். பாதி எடையில் அதே சக்தி. லித்தியம் அயன் மின்கலத்தை உருவாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததில் வியப்பில்லை.

செங்குத்தாகப் பிடிக்கும்போது

பேட்டரி கிரிப்பின் பெயரில் ‘கிரிப்’ என்ற சொல்லும் இருக்கிறது. கிரிப் என்றால் பிடி. பலர் இதை வாங்குவது பேட்டரிக்காக அல்ல, இந்தப் பிடிக்காகத்தான்.

மேடையில் பரதம் ஆடும் ஒருவரை முழு உருவமாகப் படமெடுக்க வேண்டும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்புகிறீர்கள். படமெடுக்கும் பொத்தான் மேலே போய்விடுகிறது. அதை அழுத்த வலது கை தலைக்கு மேல் போல வளைகிறது. முழங்கை பக்கவாட்டில் இறக்கை மாதிரி விரிகிறது. தோள்தான் இங்கே சுழல்மையம். கை உடலைவிட்டு விலக விலக, தோளுக்கும் எடைக்கும் உள்ள கிடைமட்டத் தூரம் கூடுகிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்புத்திறன். தூரம் கூடினால் அதுவும் கூடும். தோள் தசை சீக்கிரம் களைத்துப்போகும்.

கிரிப்பில் உள்ள இரண்டாவது பொத்தான் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. கேமராவைத் திருப்பினாலும் உங்கள் வலது கை கீழேயே இருக்கும்; முழங்கை விலா எலும்போடு ஒட்டியிருக்கும். அரை மணி நேர நடன நிகழ்ச்சியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிறு விசை இருக்கும். கேமராவைக் கிடைமட்டமாகப் பிடிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளங்கை பட்டு, வேண்டாத படங்கள் எல்லாம் பதிவாகும்.

பாரத்தின் கணக்கு

இனி மறுபக்கம். 80டி, பேட்டரியோடு சேர்த்து 730 கிராம். கிரிப் 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பேட்டரி 80 கிராம். ஆக மொத்தம் 1,110 கிராம். கேமராவின் எடை பாதிக்கு மேல் கூடிவிட்டது! லென்ஸ் இதில் சேரவில்லை.

எடை கூடுவதில் நன்மையும் உண்டு. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, ஒரே விசை பெரிய நிறையில் குறைந்த முடுக்கத்தைத்தான் உண்டாக்கும். ஆகவே கையின் சிறு நடுக்கம் கனமான கேமராவை அதிகம் அசைக்காது. நீளமான, கனமான லென்ஸ் மாட்டினால் கேமரா முன்பக்கமாகச் சாயப் பார்க்கும். பின்னால் உள்ள கிரிப்பின் எடை அதைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

ஆனால் களைத்த கை இன்னும் அதிகமாக நடுங்கும். பத்துமலையின் 272 படிகளை ஏறி முடித்த பிறகு, அந்தக் கூடுதல் எடை உதவியா உபத்திரவமா என்பதை உங்கள் கழுத்தே சொல்லும். கிரிப் இல்லாமல் ஒரு பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் கூடுதல் எடை 80 கிராம்தான். மாற்றுவதற்குச் சில விநாடிகள் போதும். கிடைக்கும் சக்தியும் அதேதான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1959-இல் நிக்கான் எஃப் என்ற ஃபிலிம் கேமரா வந்தது. அதன் அடியில் மாட்ட எஃப்-36 என்ற மோட்டாரும் கிடைத்தது. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஃபிலிமைக் கையால் சுற்றாமல் மோட்டாரே சுற்றிவிடும். ஃபிலிம் சுருளில் 36 படங்கள். பெயரிலும் அந்த எண் இருக்கிறது. அந்தக் காலத்தில் கேமராவின் அடியில் மாட்டிய கருவி உண்மையிலேயே வேகத்தைக் கூட்டியது. இன்று சுற்றுவதற்கு ஃபிலிம் இல்லை. ஆனாலும் “கீழே மாட்டினால் வேகம்” என்ற நம்பிக்கை மட்டும் தொடர்கிறது.

1991-இல் கோடாக் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஜிட்டல் கேமராவைப் படமெடுப்பவர் ஒரு தனிப்பெட்டியோடு சுமக்க வேண்டியிருந்தது. படங்களைச் சேமிக்கும் வட்டும் பேட்டரியும் அந்தத் தோள் பெட்டியில்தான் இருந்தன. அதே 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் கேமராவின் பேட்டரி ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அளவுக்குச் சுருங்க அதுவே வழிசெய்தது.

கேமராவின் உள் பேட்டரி வளர வளர கிரிப்பின் தேவையும் குறைகிறது. சோனியின் முதல் ஏ7 கேமரா 2013-இல் வந்தபோது, 1020 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 340 படங்கள்தான் எடுத்தது. 2018-இல் வந்த மூன்றாம் ஏ7 கேமராவில் 2280 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தது. 710 படங்கள் எடுத்தது. கிரிப் தந்திருக்கக்கூடிய இரட்டிப்பைக் கேமராவே தந்துவிட்டது.

பாதுகாப்பை மறவாதீர்கள்

கிரிப் வாங்கினால் இரண்டு பேட்டரிகள் தேவை. அப்போது பெயர் தெரியாத மலிவான பேட்டரியின் பக்கம் மனம் போகும். லித்தியம் அயன் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகாமலும், குறுஞ்சுற்று ஏற்படாமலும் காக்கும் பாதுகாப்புச் சுற்று அதற்குள் இருக்க வேண்டும். நம்பகமற்ற பேட்டரியில் அது சரியாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கேமராவைவிடப் பேட்டரியில்தான் நீங்கள் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். உள்ளே வேதிப்பொருள் சிதைந்து வாயு உருவானதன் அடையாளம் அது. குத்தவோ அழுத்தவோ வேண்டாம். குப்பைத்தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும். விமானத்தில் போகும்போது கூடுதல் பேட்டரிகளைக் கைப்பையில் மட்டும் கொண்டுபோங்கள். தொடுமுனைகள் சாவி, சில்லறைக் காசு போன்ற உலோகத்தில் படாதபடி மூடி போட்டு வையுங்கள்.

கிரிப்பின் சக்கரம் தளர்ந்தால் தொடுமுனைகள் விலகும். கேமரா திடீரென்று அணைந்துவிடும். படம் நினைவக அட்டையில் பதிவாகிக்கொண்டிருக்கும்போது அப்படி நேர்ந்தால் அந்தப் படம் கெட்டுப்போகலாம். அவ்வப்போது சக்கரத்தை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய பேட்டரி அறைக் கதவைக் கிரிப்பிலேயே பொருத்திவைக்க இடம் இருக்கிறது. அதில் வைத்தால் தொலையாது.

நீங்களே கணக்கிடுங்கள்

உங்கள் கழகத்தின் கேமரா பேட்டரியை எடுத்து, அதிலுள்ள வோல்ட்டையும் மில்லி ஆம்பியர்-மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். பெருக்கி, அதன் சக்தியை ஜூலில் கண்டுபிடியுங்கள். அடுத்த பள்ளி நிகழ்ச்சியில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, தீரும்வரை எத்தனை படம் எடுத்தீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு படத்துக்கு எத்தனை ஜூல் ஆனது? பின்திரையை அணைத்துவிட்டு மறுமுறை அதேபோல் எண்ணுங்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள்.

பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் ஒரு பேட்டரி தருவதைவிட அதிகப் படங்கள் எடுக்கிறோமா? பேட்டரி மாற்றச் சில விநாடிகள்கூட ஒதுக்க முடியாத நிகழ்ச்சிகளா? செங்குத்துப் படங்களை மணிக்கணக்கில் எடுக்கிறோமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் கிரிப் உங்களுக்குப் பலம். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அது வெறும் பாரம். கூடுதலாக ஒரு நல்ல பேட்டரி வாங்கினால் போதும். மிச்சப் பணத்தில் கழகத்துக்கு ஒரு முக்காலி வாங்கலாம்.